மேட்டுல எஞ்சினை நிறுத்தாதீங்க

போலீசு இருக்காங்களான்னா, இருக்காங்க. கீழ பாலம் தாண்டுன ஒடனே புளியமரத்து நெழல்ல ரெண்டு பேரு நிப்பாங்க. இன்னிக்கி சந்தை வேற, ஏட்டையாவும் வந்திருப்பாரு. எமர்ஜென்சி வந்ததுலருந்து கெடுபிடி ஜாஸ்திங்க. இப்ப நின்னு பேசறதுக்கு எஞ்சினை நிறுத்தியிருக்கீங்க, அது சரி. கெளம்பறப்ப போட்டுக்கிட்டுப் போங்க. எஞ்சின நிறுத்தின மொபெட்டுல இந்த மேட்டுலருந்து எறங்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் கைய நீட்டி உங்களை மறிச்சேன்.

நான் போலீசுக்கு ஆள் காட்டறவன் இல்லீங்க. லைசென்ஸு வாங்கித் தர்ற புரோக்கரும் இல்ல. என் பேரு மாரப்பன். அந்தா பள்ளத்துல தெரியுது பாருங்க, வேலி போட்ட காடு, அது நம்முது. மானாவாரிதான். ராகியும் கொள்ளும் போடறேன். அறுப்பு முடிஞ்சு கதிரு காயற காலத்துல காலையில வந்து இந்தக் கல்லு மேல உக்காந்தன்னா, பொழுது சாயறப்பதான் எந்திரிப்பேன். கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. வெறும் வாய மெல்றவங்களுக்கு அவல் கெடச்ச மாதிரி, பேசட்டும்.

லைசென்ஸு இருக்குதுங்களா. இல்ல. எல்லு போர்டு. அதுவும் இல்ல. முன்னால என்னமோ தகடு தொங்குது, பஞ்சாயத்து வில்லைங்களா அது. சைக்கிள் வரி கட்டுனா குடுக்கற வில்லை. ம். சிரிக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பக்கம் முக்காவாசிப் பேரு இதத்தான் மாட்டிக்கிட்டு சுத்துனாங்க. பெடல் இருக்குது, செயின் இருக்குது, மணி இருக்குது, அப்பறம் சைக்கிளு இல்லாம வேற என்னங்கறது. எஞ்சின் ஓடுனா மோட்டாரு, நிறுத்திட்டுப் பெடல மிதிச்சா சைக்கிளு. எவன் மொதல்ல சொன்னான்னு தெரியல. ஊருக்கே அது சட்டமாயிப் போச்சு.

அதனால என்ன பண்ணுவாங்கன்னா, நேரா இந்த எடத்துக்கு வந்ததும் நிறுத்திருவாங்க. இங்கருந்து எறக்கந்தான, பாலம் வரைக்கும் தானா உருண்டு போவும். கீழ போயி நாலு மிதி மிதிச்சா, ஏட்டையா முன்னால சைக்கிள்காரன் மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தாண்டிரலாம். வெத்தலைக்காரன், பால்காரன், சந்தைக்குத் துணி மூட்டை கொண்டுபோறவன், எல்லாரும் அப்பிடித்தான். ஒரு வாத்தியாரு கூட வருவாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, அக்கம்பக்கம் பாக்காம மிதிச்சுக்கிட்டுப் போவாரு. பின்னால சைலன்சர்ல மிச்சப் பொகை வந்துக்கிட்டு இருக்கும். பூனை கண்ண மூடிக்கிட்டா ஒலகம் இருண்டுருமாங்க. ஆனா ஏட்டையாவும் பாதி நாளு கண்டுக்காம விட்ருவாரு, அதான் பழகிப் போச்சு.

சட்டம் அப்பிடி இல்லீங்க. காரிமங்கலத்துல அப்துல் ரஷீத்னு ஒரு பாய் சைக்கிள் கடை வெச்சிருக்காரு, அவருதான் எனக்கு வெவரமா சொன்னது. எஞ்சின்னு ஒண்ணு மாட்டியிருந்தா அது மோட்டார் வண்டி. ஓட்டுனாலும் மோட்டார் வண்டி, உருட்டுனாலும் மோட்டார் வண்டி. மாட்ட அவுத்து வுட்டா மாட்டு வண்டி சைக்கிளா ஆயிருமாய்யான்னு கேப்பாரு பாய்.

மொதல்ல பழகறதுக்குன்னு ஒரு லைசென்ஸு வாங்கணும். வாங்கிட்டு முன்னாலயும் பின்னாலயும் வெள்ளைத் தகட்டுல செவப்புல எல்லு எழுதணும். பழகினப்பறம் தருமபுரி போயி இன்ஸ்பெக்டரு முன்னால ஓட்டிக் காட்டணும். எட்டுப் போடச் சொல்வாரு. திரும்பறப்ப கைய நீட்டி சைகை காட்டச் சொல்வாரு. நம்மாளு கைய நீட்டுனான்னா வண்டி ஒரு பக்கம் போவும், அவன் ஒரு பக்கம் போவான். அப்பறம் வண்டியப் பதியணும், நம்பரு எழுதணும், ரோட்டு வரி, இன்சூரன்ஸு. ஆரன் இருக்கணும், வெறும் மணி ஆவாது. உங்குளுது என்ன, பின்னால இருக்கறது மைசூரு நம்பரா. பெங்களூருல மச்சாங்கிட்ட வாங்குனதா. அப்ப அங்கத்த ஆபீசுல எழுதி வாங்கியாந்து இங்க மாத்திப் பதியணுங்க. மச்சான் சொல்லலியா. சொல்ல மாட்டாங்க, வண்டி தள்ளிவுட்டாப் போதும்னு இருந்திருப்பாரு.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. மொபெட்ட நான் தொட்டதே ஒரு வாட்டிதான். இதெல்லாம் கோர்ட்டுக்குப் போயித் தெரிஞ்சுக்கிட்டது. பாய் சொன்னது பாதி, கோர்ட்டுல கேட்டது பாதி.

சாட்சி சொல்லப் போனேன். ஒரு கேசு. இந்த எறக்கத்துல நடந்ததுதான்.

அவசரமா. செத்த இருங்க, சந்தை எங்கயும் போயிராது. கேட்டுட்டுப் போங்க.

கீழ ஒரு வளைவு இருக்குது. அதுக்கு அந்தாண்ட பாலம் வரைக்கும் ரோடு சமமா போவும். அங்கதான் நாங்க ராகிக் கதிரப் பரப்பறது. ரோட்டுல போடலாமான்னா, போடக் கூடாதுதான், அதுக்கும் ஒரு சட்டம் இருக்கும். களத்துல போடணும்னா சாணி தெளிச்சு மெழுவணும், மாடு கட்டிச் சுத்தணும். மாட்டத்தான் போன பஞ்சத்துல வித்தாச்சே. ரோட்டுல போட்டா பஸ்ஸும் லாரியும் ஓசில அடிச்சுக் குடுத்துட்டுப் போவும். கிருஷ்ணகிரி பஸ்ஸு ஒரு வாட்டி ஏறி எறங்குனா பாதி மணி உதிந்துரும். நம்ம வேலை என்னன்னா, வண்டி போனதும் கவைக்குச்சியால அடியில கெடக்கறத மேல பெரட்டணும். தாள ஒதறி ஓரமாத் தள்ளணும். அடுத்த வண்டி வர்றதுக்குள்ள பண்ணணும். குனிஞ்ச தல நிமுர முடியாது.

ரோட்டுல நிக்கறவங்க வண்டி வருதான்னு திரும்பிப் பாக்கவே மாட்டாங்க, தெரியுமா. காதுல கேட்டே நகருவாங்க. இந்த மேட்டுல பஸ்ஸு கியரு மாத்தற சத்தம் அங்க நல்லாக் கேக்கும். அது வளைவு வர்றதுக்குள்ள வெத்தலை மடிச்சு வாயில போட்டுக்கற நேரம் இருக்குது, அவசரமே இல்லாம ஓரத்துக்கு வந்துக்கலாம். லாரின்னா ஒரு மாதிரி. மொபெட்டுன்னா பட்டாணி வறுக்கற மாதிரி பொடபொடன்னு வரும். வெறும் சைக்கிளுக்குச் சத்தம் இல்லைன்னாலும், அவன் மெதுவா புடிச்சுப் புடிச்சு எறங்குவான், மணியும் அடிப்பான்.

தர்மன்னு ஒரு வெத்தலைக்காரன், இண்டூர்க்காரன். நல்ல பையந்தாங்க, பீடி கூட குடிக்க மாட்டான். உங்கள மாதிரியேதான், லைசென்ஸு இல்ல, சைக்கிள் வில்லை தொங்குது. சந்தைக்குப் போறான். இந்த எடத்துல எஞ்சின நிறுத்துனான், காலத் தூக்கிக்கிட்டு எறங்குனான். வண்டி கனம், பின்னால வெத்தலைக் கூடை கனம், பிரேக்கு என்னமோ சைக்கிள் பிரேக்குதான். வளைவு திரும்பறான், நடு ரோட்டுல ஒரு பொம்பளை முதுகக் காட்டிக்கிட்டு ராகி பெரட்டிக்கிட்டு இருக்கறா. எஞ்சின் சத்தம் இல்ல. அவ எதுக்கு நிமுரணும்.

மணியடிக்கக் கைய எடுத்தா பிரேக்கு வுட்டுரும்னு ரெண்டையும் இறுக்கிப் புடிச்சேன்னு அவன் சொன்னான். புடிச்சிருப்பான். ராகித் தாளு மேல சக்கரம் ஏறிருச்சுன்னா பிரேக்கு என்னங்க பண்ணும், வழுக்கிக்கிட்டுத்தான் போவும். அவ இடுப்புல இடிச்சு ரெண்டு பேரும் விழுந்தாங்க. அவனுக்கு முட்டியில சிராய்ப்பு. அவளுக்குத் தல மைல் கல்லுல பட்டுருச்சு.

நான் பக்கத்துலதான் இருந்தேன். உதிந்த மணியச் சாக்குல அள்ளிக்கிட்டு இருந்தேன். வண்டி அவ கால் மேல கெடந்தது, நான்தான் தூக்கி ஓரமாப் போட்டேன். அந்த ஒரு வாட்டிதான் தொட்டது. எஞ்சினு கைய சுட்டுருச்சு. இவ்ளோ சூடு இருக்குது, இத்தனூண்டு சத்தம் கூட இல்லாமப் போச்சேன்னு நெனைச்சேன். அந்த நேரத்துல நெனைக்கற நெனப்பா அது, சொல்லுங்க. ஆனா அதுதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு அதே கிருஷ்ணகிரி பஸ்ஸ நிறுத்தித்தான் ஏத்தினோம். காரிமங்கலம் தாண்டல, உசுரு போயிருச்சு.

அப்பறம் கேசு. போலீசுல ஒருத்தரு எங்கிட்ட ரகசியமா சொன்னாரு, எஞ்சினு ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு, கேசு கெட்டியா நிக்கும்னு. அவன் பக்கத்து வக்கீலு என்ன சொல்றாருன்னா, எஞ்சின நிறுத்திட்டு வந்தான், அதனால அது சைக்கிளு, சைக்கிளுக்கு எந்த ஊர்ல லைசென்ஸு கேட்டாங்கன்னு நிக்கறாரு. என்னைக் கூண்டுல ஏத்தினாங்க. எஞ்சின் சத்தம் கேட்டியான்னாங்க. இல்லீங்கன்னேன். நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுன்னாங்க. இதுல ரோசனை பண்ண என்னங்க இருக்குது. சத்தம் கேட்டிருந்தா அவ நகந்திருப்பா. சத்தம் கேட்டுச்சுன்னு நான் சொன்னா, கேட்டும் நகராம நின்னா, அவ மேலதான் தப்புன்னு ஆயிருமே. அவ தப்புப் பண்ணல.

வெளிய வந்ததும் அவ தம்பி என் சட்டையப் புடிச்சுட்டான். கொன்னவனுக்கு வக்காலத்து வாங்கிட்டு வர்றியான்னு. அவன் புடிச்ச கைய நான் எடுத்து வுடல. அவனே வுட்டுட்டான்.

ஜட்ஜு அய்யா கடசில பாய் சொன்னதையேதான் சொன்னாரு. பெடல் இருந்தா என்ன, நிறுத்தியிருந்தா என்ன, எஞ்சினு வெச்ச வண்டி மோட்டார் வண்டிதான்னுட்டாரு. லைசென்ஸு இல்லாததுக்கு ஒரு தண்டனை, கண்ணு மண்ணு தெரியாம வந்ததுக்கு ஒரு தண்டனை. தர்மன் உள்ள போயி இருந்துட்டு வந்துட்டான். இப்ப எல்லாம் முறையா எடுத்துட்டான். இந்த மேட்டுக்கு வந்தா வேணும்னே எஞ்சின முறுக்கிவுட்டு, ஆரன அமுத்திக்கிட்டே எறங்குவான். என் மூஞ்சியப் பாக்க மாட்டான். நானும் கூப்புட மாட்டேன்.

அவன் மேல கோவமான்னா, இல்லீங்க. வரும் வரும்னு நானும் பாத்தேன், வரல. அழுகையும் வரல. எழவு வூட்டுல ஆளாளுக்கு ஒப்பாரி வெக்கறாங்க, நான் சாக்க எடுத்துக்கிட்டுப் போயி ரோட்டுல கெடந்த ராகிய அள்ளிக்கிட்டு வந்தேன். மழை வர்ற மாதிரி இருந்தது, நனஞ்சிருமேன்னு. அதுலருந்துதான் கிறுக்கன்னு பேரு. இப்பவும் சாப்புடறேன், தூங்கறேன், காட்டு வேலை பாக்கறேன். களி தின்னா உப்பு இருக்குதா இல்லையான்னு மட்டும் நாக்குக்குத் தெரிய மாட்டேங்குது. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, அப்பிடியேதான் இருக்குது.

யாரா. செத்துப் போனவளா. சொல்லலீங்களா நான். ராமக்கா. எம் பொஞ்சாதிங்க.

பரவால்லீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க.

கீழ நிக்காம இங்க ஏன் உக்காந்திருக்கறேன்னா, கீழ நின்னு கத்தி என்னங்க பிரயோசனம். வளைவுல வண்டி தெரியறப்ப ஆளு மேல வந்துருது. எல்லாரும் நிறுத்தறது இந்த எடத்துலதான. அதான் இங்கயே புடிச்சுச் சொல்லிடறேன். கேக்கறவங்க கேக்கறாங்க. சிலபேரு சரி சரின்னு தலையாட்டிட்டு, கொஞ்சம் தள்ளிப் போயி நிறுத்திக்கறாங்க. அப்ப நான் இங்கருந்து கத்திக்கிட்டே பின்னால ஓடறேன். இந்த வயசுல ஓடறது முடியலீங்க.

புடிச்சா என்ன பண்றதுன்னா, புடிக்கட்டும். அபராதம் போடுவாங்க. வண்டிய ஸ்டேசன்ல நிறுத்தி வெப்பாங்க. ரஷீத் பாய் கடைக்குப் போயி, மாரப்பன் அனுப்புனாருன்னு சொல்லுங்க, எந்த ஆபீசு, என்ன எழுதணும்னு வழி சொல்வாரு. எட்டுப் போடறதுக்கும் அவரே பழக்கி வுடுவாரு, கடைக்குப் பின்னால எடம் இருக்குது. இன்னிக்கி ஒரு நாளு சந்தை போச்சுன்னு வெச்சுக்கங்க.

ஆமாங்க, இன்னமும் ரோட்டுலதான் போடறோம். வேற எங்க போடறது. மாடு வாங்கல.

கெளம்புங்க, நேரமாவுது. மிதிங்க. அப்பிடித்தான், புடிச்சுக்கிச்சு பாருங்க. இதே சத்தத்தோட போங்க, கொறைக்காதீங்க. கீழ எம் மவ குள்ளம்மா ஒத்தையில நின்னு ராகி பெரட்டிக்கிட்டு இருக்கறா. அவளும் அவ ஆத்தா மாதிரியேதாங்க, திரும்பிப் பாக்க மாட்டா.