பெரிய குரல்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மைக்செட்காரர்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அவரு குரல் பெருசா இருந்ததுதான் தப்பா போச்சு மச்சான்.”

“யாரு குரல்?”

“பரங்கிப்பேட்டை கல்யாணத்துல பாடுனாரே, பொண்ணோட அப்பா. சின்ன மண்டபம். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. அவரு மைக்கை மட்டும் சுத்தமா கொறைச்சுட்டேன்.”

“அதுக்கென்ன?”

“ரெக்கார்டிங்கும் அதே மிக்ஸர் பொட்டிலேருந்துதான் போச்சு, அங்க கொறைச்சா இதுலயும் கொறைஞ்சிடும். போன மாசம் அவரு தவறிட்டாரு. பொண்ணு அந்தப் பாட்டு வேணும்னு கேக்குது. போட்டுப் பாத்தா கீபோர்டு மட்டும்தான் வருது.”

“ஒரு வரிகூட இல்லியா?”

“இல்ல. பாட்டு முடிஞ்சதும் பொண்ணு அந்த மைக்கை வாங்குச்சு. அதுக்குச் சின்னக் குரல், ஏத்தி வச்சேன். ‘இன்னொரு தடவ பாடுப்பா’ன்னு சொல்றது மட்டும் கணீர்னு கேக்குது.”