எண்பது டிகிரி

— இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் மேல. வலிச்சா சொல்லிடணும் பெயிண்டர் சார், பல்லைக் கடிச்சிட்டு இருக்கக் கூடாது.

— அவ்ளோதான் மேடம். அதுக்கு மேல வரல.

— எண்பது டிகிரி. போன மாசமும் எண்பது, அதுக்கு முந்தின மாசமும் எண்பது. எனக்குத் தலையப் பிச்சிக்கலாம் போல இருக்கு. நீங்க இந்தச் சிகிச்சை மையத்துக்கு வந்தப்போ வலது கை முப்பதுகூட ஏறல. ஆறு மாசத்துல மளமளன்னு எண்பதுக்குக் கொண்டு வந்தோம். அப்புறம் என்ன வந்துச்சு இந்தத் தோளுக்கு? வீட்ல பயிற்சி பண்றீங்களா இல்லையா?

— பண்றேன் மேடம்.

— பண்றாருக்கா. ஒரு நாள் விடல, நான் கண்ணால பாக்குறேன்ல. ஆமா, எண்பதுன்னா எவ்ளோக்கா? கையக் காட்டுங்க.

— இதோ, இவ்ளோம்மா. தோள் மட்டத்துக்குக்கூட வரல.

— இவ்ளோதானா? போங்கக்கா, உங்க கருவிதான் தப்பு. நேத்து அலமாரி உச்சியில இருந்து பெட்டிய இறக்கினாரே. நாற்காலிகூடப் போடல.

— நீ கொஞ்சம் சும்மா இரு.

— எதுக்குங்க சும்மா இருக்கணும்? நல்ல விஷயம்தானே. அக்கா இவ்ளோ பாடுபடுறாங்க, கேட்டா சந்தோஷப்படுவாங்கல்ல.

— ஒரு நிமிஷம் இரும்மா. பெயிண்டர் சார், தரையப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. கையத் தூக்க முடியுதா?

— முடியுது மேடம்.

— எவ்ளோ நாளா?

— ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்.

— ரெண்டு மாசமா வாரத்துக்கு ரெண்டு தடவ என் முன்னாடி நடிச்சிருக்கீங்க. நான் என்னையே திட்டிக்கிட்டுத் திரியுறேன், நமக்குத்தான் வேலை தெரியலன்னு. எதுக்கு சார் இப்படிப் பண்ணீங்க?

— எங்களுக்கு மேல் மாடியில கண்ணாடிக்காரர் இருந்தாரே மேடம்.

— தெரியும். கால்ல கம்பியால சுட்டிருந்தாங்க.

— அவருக்குக் கால் சரியாகிடுச்சு. பெருமையா ஊன்றுகோலை வீட்லயே வெச்சிட்டு விசாரணைக்கு நடந்து போனாரு. நீதான் நல்லா இருக்கியே, திரும்பிப் போனா உனக்கென்ன ஆபத்துன்னு கேட்டுட்டு, இந்த நாட்டுல தஞ்சம் கேட்ட மனுவைத் தள்ளிட்டாங்க. விமானத்துல ஏத்தி ஊருக்கே திருப்பி அனுப்பினாங்க. இப்ப எங்க இருக்காரு, இருக்காரா இல்லையான்னே அவர் பொண்டாட்டிக்குத் தெரியாது. அங்க அரசாங்கத்த எதிர்த்துச் சுவத்துல ஒரு வரி எழுதினதுக்கு என் கையப் பின்னால கட்டித் தொங்க விட்டாங்க மேடம். திரும்பிப் போனா கையோட நிறுத்த மாட்டாங்க. குணமானவனத்தான் அனுப்புறாங்கன்னா நான் எதுக்குக் குணமாகணும்?

— ஏங்க, ரோட்ல நம்ம பொண்ணு தன்னைத் தூக்கச் சொல்றப்பல்லாம் வலிக்குதுன்னு சொல்றீங்களே. அதுவும் இதுக்குத்தானா?

— யார் எங்க நின்னு பாக்குறாங்கன்னு தெரியாதுல்ல.

— அவ எங்கிட்ட வந்து, அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையான்னு கேட்டா.

— அழாதம்மா. ரெண்டு பேரும் கேளுங்க. கண்ணாடிக்காரர் எங்ககிட்ட வந்ததே விசாரணைக்குப் பத்து நாள் முன்னாடி. அவர் எப்படி இருந்தாருன்னு யாரும் அளந்து எழுதல. உங்க கதை அப்படி இல்ல. வந்த அன்னைக்கே அளந்திருக்கேன். மணிக்கட்டுத் தழும்பு, தோள்ல கிழிஞ்ச தசை, ஸ்கேன் எல்லாம் ஃபைல்ல இருக்கு. தொங்க விட்டா தோள் இப்படித்தான் கெடும்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன். நீங்க நல்லா ஆனதால அது ஒண்ணும் பொய்யாகாது. ஆனா நடிக்கிறீங்கன்னு ஒரு தடவ தெரிஞ்சா போச்சு. தொங்க விட்டதும் பொய்யின்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க.

— இது எனக்குத் தெரியாம போச்சே மேடம். இப்ப என்ன பண்றது?

— இப்பவே கையத் தூக்குங்க. முழுசா. இன்னைக்குத் தேதி போட்டு உள்ளத எழுதுறேன். பயத்துல மறைச்சாருன்னும் எழுதுறேன். அந்தப் பயம் எங்க இருந்து வந்துச்சுன்னும் எழுதுவேன். தூக்குங்க.

— இவ்ளோ வருது.

— நூத்தி அறுபது. எனக்கு அழுகையும் வருது, உங்கள நாலு சாத்து சாத்தணும் போலவும் இருக்கு சார்.

— சாத்துங்கக்கா, நான் பிடிச்சிக்கிறேன். எங்கள அனுப்பிட மாட்டாங்கல்ல?

— அதுக்குத்தான்மா பாக்குறேன். விசாரணைக்காக அரசாங்க டாக்டர் இவரைச் சோதிச்சுப் பாக்குறது அடுத்த வாரம்தானே. அதுக்குள்ள என் கடிதம் உங்க வக்கீலம்மா கைக்குப் போயிடும். டாக்டர் முன்னாடி உள்ளபடி தூக்கிக் காட்டுங்க, போதும்.

— அது முடிஞ்சிடுச்சு மேடம்.

— எது முடிஞ்சிடுச்சு?

— தேதிய முன்னாடி மாத்திட்டாங்க. திங்கக்கிழமை போன் பண்ணி உடனே வரச் சொன்னாங்க. போயிட்டு வந்துட்டேன்.

— வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? சரி, எவ்ளோ தூக்கினீங்க?

— இங்க காட்டுற மாதிரிதான். எண்பது.

— அழுத்திப் பாத்தாரா? பிடிச்சு இழுத்துப் பாத்தாரா?

— ஒண்ணும் பண்ணல மேடம். நல்ல மனுஷன். தண்ணி குடுத்தாரு, குழந்தை என்ன படிக்குதுன்னு விசாரிச்சாரு. உள்ள போனதும் என் கோட்டைக்கூட அவரே வாங்கி மாட்டினாரு.

— எங்க மாட்டினாரு?

— சுவத்துல ஒரு கொக்கி இருந்துச்சு. நல்ல உயரத்துல.

— கிளம்புறப்போ யார் எடுத்துக் குடுத்தா?

— யாரும் குடுக்கல மேடம். அவர் மேஜையில உக்காந்து பாத்துட்டு இருந்தாரு. நானே எட்டி எடுத்தேன், இந்தக் கையாலதான்.