சூப்பர்வைசருக்கு வைத்த பேர்

– வரமாட்டாகண்ணே. எத்தன தடவ கேட்டாலும் அதான். எங்க வீட்டுக்காரவுக இனி உங்க கம்பெனிக்கு வரமாட்டாக.

– என்ன சொன்ன? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு நாகஜோதி. ஃபேன் வேற லொடலொடங்குது.

– வரமாட்டாகன்னேன்.

– ஏனம்மிணி, சூப்பர்வைசரே ஊடு தேடி வந்து கூப்புடறேன். திங்கக்கெழம லோடு ஏத்தோணும். கட்டிங் டேபிள்ல ஆளில்லாம துணி அப்படியே கெடக்குது. ஊமையன் வெட்டறாப்பல வேற யாருக்கு வருது?

– பாத்தீகளா? சமாதானம் பேச வந்த எடத்துலயும் அதே பேச்சுதான்.

– அட, வாய்ல வந்துருச்சு அம்மிணி.

– அருண்பாண்டின்னு எங்க மாமியா ஆசையா வச்ச பேரு இருக்கு. கம்பெனில ஒருத்தராச்சும் சொல்லியிருக்கீகளா?

– சொன்னா அவனுக்குக் கேக்கவா போவுது?

– எனக்குக் கேக்குதுல்ல? பக்கத்து லைன்லதான தைக்கிறேன். ‘காது கேளாதவரு’ன்னு சொல்லுங்க, இல்லாட்டி பேரச் சொல்லுங்கன்னு ஒவ்வொருத்தர்ட்டயும் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப் போச்சுண்ணே. எங்க வீட்டுக்காரவுகளும் உதட்டப் பாத்தே தெரிஞ்சுக்கிடுவாக. அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால நீங்க ஊமைன்னு கத்துனது அப்பிடித்தான் தெரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து சோறே திங்கல.

– நான் சும்மாவா கத்துனேன்? என்னையக் கண்டாப் போதும், காதத் தொட்டு நெஞ்சுல கை வெக்கறான். அவனையும் சேத்து காது கேக்காத அஞ்சு பேருமே அதையத்தான் காட்டறாங்க. கிண்டல் பண்ணுனா கோவம் வராதா?

– அதுக்கா கத்துனீக? அட கடவுளே. அது கிண்டல் இல்லண்ணே. உங்க பேரு.

– என்ற பேரா? மகுடேஸ்வரனுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

– அவுகளுக்குள்ள ஆளுக்கொரு பேரு கையாலயே வச்சுக்கிடுவாக. ஆளப் பாத்து வைக்கிறது. எனக்கு மூக்குத்தி. மூக்கத் தொட்டா நான்தான்.

– செரி, எனக்கு எதுக்குக் காது?

– காதத் தொட்டா, கேக்காதுன்னு அர்த்தம். நெஞ்சுல கை வச்சா, நம்மாளு.

– யாருக்குக் கேக்காது? எனக்கா?

– நீங்களும் எல்லாரு வாயையும் பாத்துப் பாத்துத்தான பதில் சொல்றீக? வேலைக்குச் சேந்த வாரமே அவுக கண்டுபிடிச்சிட்டாக. இப்பக்கூட நான் திரும்புன பெறகுதான உங்களுக்கு வெளங்குச்சு? ஃபேன் மேல பழியப் போட்டீக.

– முப்பது வருசம் நிட்டிங் மிசின் எரைச்சலுக்கு நடுவுலயே நின்ன காது, அம்மிணி. ரெண்டு பக்கமும் போயிருச்சு. ஊட்டுலகூடச் சொல்லல. சொல்லிப்போடலாம்னுதான் இருக்குது, ஆனா வாய் வரல. கம்பெனில யாருகிட்டயும் சொல்லீராத கண்ணு, உனக்குப் புண்ணியமாப் போவும். நாளைக்கே செவுடன்னு பேரு வெச்சுருவானுங்க.

– அவுக அஞ்சு பேருக்கும் இத்தன வருசமாத் தெரியும். ஒருத்தராச்சும் வெளிய காட்டிக் குடுத்தாகளாண்ணே?