வாசல் வண்டியையும் விட்டுவைக்காத வல்லவருக்கு

வெண்காரத்தின் பகையே! வியாபாரிகளின் உறவே! கெடுங்சாரி உணவுப் பரிசோதனைக்கூடத்தின் தலைவியாய் எங்கள் அன்பையும் அச்சத்தையும் ஒருங்கே ஆண்டு, இன்று ஓய்வுபெறும் எங்கள் அம்மாவே, இபு ரெத்னோவதி அவர்களே, வணக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள்! மீனுக்கு ஃபார்மலின் பூசியவரும் பலகாரத்துக்குத் துணிச்சாயம் ஏற்றியவரும் உங்கள் பெயரைக் கேட்டாலே கடையைச் சாத்தினார்கள். உங்கள் கையெழுத்து விழாமல் இங்கிருந்து ஒரு முடிவும் வெளியே போனதில்லை. உங்களிடம் திட்டு வாங்காதவர் இந்த அவையில் இருந்தால், அவர் நேற்றுச் சேர்ந்தவர்.

ஆயினும் எங்கள் நெஞ்சில் நிற்பது ஒரு புதன்கிழமை. சந்தையிலிருந்து வந்த பாக்சோ என்னும் இறைச்சி உருண்டைகளில் தடைசெய்யப்பட்ட வெண்காரம், அதாவது போராக்ஸ், உண்டா என்று பார்க்க, ஒப்பிடுவதற்குக் கலப்படமற்ற உருண்டை ஒன்று தேவைப்பட்டது. நாங்கள் யோசிக்கவே இல்லை. பதினோரு ஆண்டுகளாய் நம் வாசலில் வண்டி போட்டு, நமக்கு மதியச் சாப்பாடு போட்ட பாக்சோ வியாபாரி தார்யோனோவிடம் வாங்கிவந்தோம். வெண்காரம் பட்டால் சிவக்கும் மஞ்சள் தோய்த்த தாள், சந்தை உருண்டைகளுக்கு மஞ்சளாகவே இருந்தது. நம் உருண்டைக்குச் சிவந்தது. தாளைக் குறை சொல்லி மூன்று முறை மாற்றினோம். மூன்று முறையும் சிவந்தது. ஊர் உணவையெல்லாம் சோதித்த நாம் நம் தட்டைச் சோதித்ததே இல்லை.

"இது சந்தை சாம்பிள் இல்லையே இபு, பதிவேட்ல ஏத்தாம விட்டுடலாம்" என்றார் துணைத்தலைவர் குனாடி, வயிற்றைத் தடவியபடி.

"அடுத்தவன் உருண்டைன்னா அறிக்கை, நம்ம உருண்டைன்னா மன்னிப்பா?" என்றீர்கள். அறிக்கை எழுதி, 'பதினோரு ஆண்டுகள் சோதிக்கத் தவறியவர்' என்ற இடத்தில் உங்கள் பெயரையே போட்டீர்கள்.

வண்டி வியாபாரம் நின்றது. தான் வாங்கிக் கலந்த பெயரில்லாத பொடி வெண்காரம் என்றே அறியாத தார்யோனோ உங்கள் மேசை முன் வந்து நின்றார். "பொடி போடலைன்னா உருண்டை கொழகொழன்னு போயிடும் இபு. கடிச்சா துள்ளணும். துள்ளலைன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க, நான் வேற என்ன தொழில் பண்ணுவேன்?" என்றார்.

தடை எழுதிய அதே கையால் நீங்கள் மாவு பிசைந்தீர்கள். வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் கடற்பாசி மாவை அளவு மாற்றி மாற்றிக் கலந்தீர்கள். சுவைத்துப் பார்க்கும் தண்டனை எங்களுக்கு. ஒன்பதாவது கலவை பல்லில் ஒட்டிக்கொண்டது. இருபதாவது மேசையிலிருந்து துள்ளி மாடிப்படி இறங்கிப் போனது. நாற்பத்தொன்றாவது உருண்டையைக் கடித்த தார்யோனோ கண்கலங்கி, இன்னொன்று கேட்டார். அந்தக் கலவையைப் பற்றி வெளியான ஆய்வுக்கட்டுரையில் உங்கள் பெயருக்கு அடுத்து 'தார்யோனோ, உருண்டை வியாபாரி' என்று அச்சானதைப் பெரிய பெரிய ஆய்வாளர்கள் விசித்திரமாய்ப் பார்த்தார்கள். எங்களுக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. இன்று இந்த வட்டாரத்தில் நூற்றறுபது வண்டிகளில் அந்தக் கலவைதான் கொதிக்கிறது.

அம்மையீர், நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க! பேரப்பிள்ளைகளின் தின்பண்டத்தைச் சோதிக்காமல் ஒரு நாளாவது சும்மா இருக்கக் கற்றுக்கொள்க! நீங்கள் இல்லாத கூடத்தை நினைத்தால் எங்களுக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. யார் எங்களைத் திட்டுவார்கள்?

இன்றைய விருந்து தார்யோனோவின் வண்டியிலிருந்து வந்திருக்கிறது. பதற வேண்டாம், காலையிலேயே சோதித்துவிட்டோம். 'வெண்காரம்: கண்டறியப்படவில்லை.' அறிக்கை இம்மடலின் கீழே ஒட்டப்பட்டிருக்கிறது. தலைவர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. நாளை அங்கே வேறு பெயர் வரும். இன்று வரை அது உங்களுடையது. போடுங்கள் இபு. அதுவரை எங்களில் ஒருவரும் கரண்டியைத் தொடப்போவதில்லை.

பசியோடும் பாசத்தோடும்,
கெடுங்சாரி பரிசோதனைக்கூடத்து ஊழியர்கள்,
அவர்களோடு, வாசல் வண்டி தார்யோனோ