மீரா சாகிப் வீட்டு எறும்புகள்

இந்தச் சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கித் தண்ணிழலாய் வீற்றிருக்கும் ஷேக் பரீத் அவர்களே, பாபநாசத்தின் பாசமிகு பெரியோர்களே, பகலெல்லாம் நோன்பிருந்தும் பந்தலுக்கு வந்தமர்ந்த பொறுமைமிகு தாய்மார்களே, பின்வரிசையில் நின்றபடியே என்னை எடைபோடும் இளைஞர்களே, மீரா சாகிப்பின் எதிர்வீட்டுக்காரி செந்தாமரையின் மாலை வணக்கம்.

மாலை என்றா சொன்னேன்? மயக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் உளுந்து பூத்திருக்கிறது. பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. அந்த வாசனையில் தஞ்சாவூர்ப் பேருந்துகள்கூட மெல்லப் போவதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த நேரத்தில் கசப்பைப் பேச மனம் வருமா? வராது. ஆகவே இனிப்பையே பேசுகிறேன்.

பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கும் மீரா சாகிப்பை அறியாதவர் உண்டா? ஆண்டுதோறும் அந்தக் கஞ்சி அண்டாவைக் கிண்டுபவர் அவர். மதம் பார்க்காமல் எங்கள் தெருத் தூக்குவாளிகளை நிரப்பும் கை அவர் கை. போன ஆண்டு நோன்பு முடிந்த கையோடு அவர் கால்விரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "விரல் போனா போவட்டும் தங்கச்சி. அண்டா முன்னால நிக்க முடியாமப் போயிடுமே" என்று என்னிடம் சொல்லி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவர் என்ன வாயைக் கட்டாதவரா? ஊருக்கெல்லாம் சீனி போட்டு டீ ஆற்றியவர், தனக்குச் சீனி தொடவில்லை. பாயாசம் தொடவில்லை. பெருநாளைக்கு வந்த தம்ரூட் அல்வாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மனைவி கமருன்னிஸா சீனி டப்பாவையே வீட்டைவிட்டு வெளியேற்றினார். அப்படியும் இறங்கியதா? இறங்கவே இல்லை.

சீனி இல்லாத அந்த வீட்டில், ஒரு பிற்பகலில், கனவில் வருவதுபோல எறும்புகள் வந்தன. அடுப்படியைத் தாண்டின. அலமாரியைத் தாண்டின. கட்டிலின் தலைமாட்டில் இளஞ்சிவப்பாய் இருந்த ஒரு பாட்டிலில் போய் ஏறின. நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குகிறோமே, அந்த மருந்து. நேரங்கெட்டுச் சாப்பிடும் கடைக்காரர், எரிச்சல் வரும்போதெல்லாம் மூடியில் அளக்காமல் அண்ணாந்து குடித்துவந்தார்.

கமருன்னிஸா கேட்டார்: "என்னங்க, வீட்டுல ஒரு பொட்டு சீனி இல்ல. இதுங்க யாரைப் பாக்க வருதுங்க?"

"அது மருந்து புள்ள. மருந்துல என்ன சீனி இருக்கப் போவுது?"

கமருன்னிஸா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "பாயாசம் தோத்துது போங்க."

முன்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரிங்கண்ணே. உங்க சட்டைப்பையில ஆரஞ்சு வாசனையோட ஒரு மாத்திரை இருக்கு, எனக்குத் தெரியும்.

நாம் எல்லோரும் செய்யும் பிழை இதுதானே? மருந்தென்றால் அது உணவில் சேராது என்கிறோம். டீக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்கிறோம். பன்னில் இனிப்பு, சாஸில் இனிப்பு, சத்து பானமென்று விற்கும் டப்பாவிலும் இனிப்பு. அட்டையைத் திருப்பிப் படித்தோமா? "சர்க்கரை சேராத மருந்து இருக்கா" என்று வாய்திறந்து கேட்டோமா?

கமருன்னிஸா அந்தப் பாட்டிலை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பாட்டில் ஒன்றே பழிகாரன் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் மருந்தை மாற்றிக் கொடுத்தார். டீயோடு போன பிஸ்கட்டையும் நிறுத்தினார். கோடையில் நம் குடமுருட்டி ஆறு வடிவதுபோலச் சர்க்கரை மெல்ல மெல்ல இறங்கியது. புண் ஆறியது. விரல் பிழைத்தது.

இதோ, முன்வரிசையில் மாலை போட்டுவைத்த ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே, ஏன் தெரியுமா? மீரா சாகிப்புக்காகப் போட்டது. ஆளனுப்பிக் கூப்பிட்டோம். "அண்டா முன்னால நின்னுக்கிட்டு இருக்கேன்னு தங்கச்சிக்கிட்ட சொல்லு. உக்கார நேரமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்குகிறது. பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. தூக்குவாளி கொண்டுவந்தவர்கள் என் பின்னால் வாருங்கள். அனைவருக்கும் வணக்கம், ஸலாம்.