கூடத்தில் ஓடாத ஃபேன்

– மெதுவா பேசும்மா. என் வீட்டுக்காரி கீழ குக்கருக்கு ரப்பர் வாங்கிக்கினு இருக்கறா. அவ மாடியேறி வர்றதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் பேரு இன்னாம்மா?

– அபிநயா, சார்.

– அபிநயா, கேட்டுக்கோ. அவ வந்து, இந்த மிஷினுக்குள்ள றெக்கை இருக்குதான்னு கேப்பா. இல்லன்னு சொல்லிடு.

– சார், இது ஃபேனும் சேர்ந்த ஏர் ப்யூரிஃபையர். றெக்கை இல்லாம காத்து எப்படி வரும்?

– வெளிய எங்க இருக்குது? நடுவுல பெரிய ஓட்டை. அந்தாண்ட நிக்கற ஃபிரிட்ஜ் தெரியுது.

– வெளிய இல்ல சார், அடியில இந்த உருளைக்குள்ள இருக்குது. அதுதான் காத்தை உள்ள இழுத்து, வடிகட்டி, மேல தள்ளுது. இல்லன்னு நான் எப்படி சொல்றது?

– கேட்டுக்கோ. நாங்க வாலாஜாபாத். ஜைன வீடு. கூடத்துல படத்துக்குப் பின்னால குருவி கூடு கட்டும், நாங்க கலைக்க மாட்டோம். மூணு வருஷம் முன்ன ஒரு நாள் கரன்ட் போயிடிச்சு. சுவிட்சை அணைக்கணும்னு யாருக்கும் தோணல. நின்னுபோன ஃபேன் மேல ஒரு குருவி வந்து உக்காந்துது. நாங்க ரெண்டு பேரும் கீழ சாப்டுக்கினு இருந்தோம். கரன்ட் வந்திடிச்சு.

– ஐயோ.

– தட்டுக்குப் பக்கத்துல வந்து விழுந்திச்சும்மா. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, அந்த சுவிட்ச் மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கறா. ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேக்கல. எங்க வீட்ல விரதம் எடுத்தா தண்டோரா போட மாட்டாங்க.

– எங்க வீட்லயும் தறி ஓடறப்ப ஃபேன் போட மாட்டோம் சார். பட்டு இழை பறந்து சிக்கிக்கும். ஆனா தறி நின்னதும் போட்டுடுவோம். மூணு வருஷமாவா?

– மூணு கோடை. பனையோலை விசிறிய வெச்சுக்கினு எனக்கு வீசிக்கினே படுத்திருப்பா. நான் தூங்கிட்டேன்னு அவ நெனப்பு. அவ முதுகுல வேர்க்குரு போட்டு செவந்து கெடக்கும். ஒரு நாள் முணுமுணுத்தது இல்ல. அம்மா, நான் எத்தனையோ பேர பாத்திருக்கேன், மலையேறி பட்டினி கெடந்தவங்களயெல்லாம் பாத்திருக்கேன். இவ மாதிரி ஒருத்திய பாத்தது இல்ல.

– அப்போ அவங்க விரதத்த நாம ஏன் சார் கெடுக்கணும்?

– போன வாரம் அடுப்படியில கண்ணு இருட்டி உக்காந்துட்டா. உப்புத் தண்ணி குடுத்து எழுப்பினேன். இன்னும் சித்திரையே வரல. இந்தக் கோடைக்கு அவ மேல காத்து படணும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்.

– அவங்கள இங்க எப்படி கூட்டிக்கினு வந்தீங்க?

– என் நெஞ்சை சொல்லித்தான். வீட்டுக்குப் பின்னால ரைஸ் மில்லு. உமி சாம்பல் பறந்து வந்து எனக்கு வீசிங். காத்தை சுத்தம் பண்ற மிஷினு வைங்கன்னு டாக்டர் சொன்னாரு. அந்த சாக்குல ஃபேனையும் உள்ள கொண்டாந்திடலாம்னு பாக்கறேன். ஷ்ஷ். வந்துட்டா.

– இன்னாங்க, கடைக்காரப் பொண்ணுகிட்ட அப்படி இன்னா ரகசியம்? ஏம்மா, சீக்கிரம் காட்டு. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போயி சாப்பிடணும். இருட்டிட்டா சாப்பிடக் கூடாதுன்னு இவரு வெறும் வயித்தோட படுத்துடுவாரு.

– வாங்கம்மா. மூணு மாடல் இருக்குது. இந்த வெள்ளப் பெட்டி தூசிய மட்டும் பிடிக்கும், மேல காத்து வீசாது. ஓட்டை வெச்சது ரெண்டு. ஒண்ணுல ஃபேன் மட்டும். இன்னொண்ணுல ஃபேனு, ஹீட்டரு ரெண்டும். ஒண்ணு சொல்லிடறேன், ஃபேன் வெச்சா ஏசி மாதிரி சில்லுன்னு இருக்காது. காத்து வரும், அவ்ளோதான்.

– தூசி பிடிக்குதுன்னு எப்படி தெரியும்?

– ஒரு ஊதுவத்தி கொளுத்தறேன், பாருங்க. இந்த விளக்கு நீலமா இருக்குதா? இப்போ புகை போவுது. சிவப்பு ஆயிடிச்சா? சத்தம் ஏறுது பாருங்க, தானாவே வேகம் எடுக்குது. கொஞ்சம் இருங்க. மறுபடி நீலம்.

– அட. மூக்கு வெச்ச மிஷினு. மனுஷன் மோந்து பாக்கறதுக்கு முன்ன இது மோந்துடுது. ஏங்க, பாத்தீங்களா?

– பாத்தேன், பாத்தேன். நம்மளுக்கு ஃபேன் மட்டும் வெச்சதே போதும் திரிசலா. நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டரு யாருக்கு?

– உங்களுக்கு. மார்கழியில விடியக்காலம் எழுந்து ஜினாலயம் போறீங்க. திரும்பி வந்தா உங்க நெஞ்சு கெடந்து கீச்சு கீச்சுன்னு கத்துது. அப்போ கூடம் கொஞ்சம் கதகதன்னு இருந்தா ஆவாதா?

– பதினோரு மாசம் சும்மா கெடக்கப்போற ஹீட்டரு.

– அது கெடக்கட்டும். ஏம்மா, நீ சொல்லு. காத்து வருதே, உள்ள றெக்கை இருக்குதா?

– அது வந்தும்மா...

– இவரு மூஞ்சிய ஏன் பாக்கறே? கேட்டது நான்.

– இருக்குதும்மா. சாரி சார், என்னால முடியல. அடியில சின்னதா இருக்குது. ஆனா வெளிய இந்த சல்லடை, அதுக்கு உள்ள ஃபில்டரு, அதையும் தாண்டித்தான் றெக்கை. என் சுண்டு விரல் போவுதா பாருங்க.

– குருவி?

– குருவியோட மூக்கு கூட போவாதும்மா. கொசுவுக்கு மட்டும் நான் கேரண்டி குடுக்க முடியாது.

– உள்ளத உள்ளபடி சொல்றே. நல்லா இரு. ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சாச்சு, கொசு வராது. வாசல் வழியா கேக்காம வர்றது குருவி ஒண்ணுதான். அந்த ஹீட்டரு வெச்சதையே போடும்மா. கூடத்துல வைக்கலாம், ரெண்டு பேருக்கும் காத்து வரும்.

– திரிசலா, உள்ள றெக்கை இருக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது.

– காதுல விழுந்திச்சுங்க.

– அப்போ உன் விரதம் இன்னாவறது?

– எந்த விரதம்?

– கூடத்து ஃபேனு. சுவிட்ச் மேல பிளாஸ்திரி ஒட்டினது நீதானே?

– நான்தான். குருவி விழுந்த மறுநாள் எப்பவும் போல ஃபேனைப் போட்டேன். நீங்க சோத்துல கைய வெச்சுக்கினு அண்ணாந்து அதையே பாத்துக்கினு இருந்தீங்க. ஒரு வாய் இறங்கல. அதுக்கு மறுநாளும் அப்படியே. அதான் ஒட்டினேன்.

– அப்போ நீ விரதம் எடுக்கலியா?

– எனக்கு ஏதுங்க விரதம்? மூணு வருஷமா உங்க விரதத்துக்குத்தான் நான் விசிறிக்கினு இருக்கேன்.