பதில் வராத மனுக்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். நாங்குநேரியில் படித்த காலத்தில் நான் வாங்கிய ஒரே பரிசு அதற்குத்தான். உங்களிடம் மதிப்பீட்டுக்குக் கொடுத்த என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருந்த மனுக்களைப் பார்த்ததும் நீங்களும் அதைத்தான் முதலில் சொன்னீர்கள், ஐயா. பிறகு, இவற்றில் ஒன்றுக்குக்கூடவா பதில் வரவில்லை என்று கேட்டீர்கள். எழுத்திலேயே விடை தருகிறேன்.

உங்கள் சர்வதேச உறவுகள் துறையில் எல்லாருக்கும் உலகம் ஒரு சதுரங்கப் பலகை. தேசங்கள்தான் காய்கள். காய்க்கு அடியில் நசுங்குகிறவனை ஒருவரும் எண்ணுவதில்லை. எந்தக் கோட்பாடும் யாரோ ஒருவருக்காகத்தான் எழுதப்படுகிறது, யாருக்காக என்று முதலில் கேள் என்பது நான் சார்ந்திருக்கும் விமர்சனக் கோட்பாடு. பம்பாயில், மாட்டுங்காவில் காப்பி ஆற்றிக்கொண்டே பனிப்போரை முடித்துவைக்கும் பேராசிரியர்களுக்கு இது ஏறாது. அவர்களில் ஒருவர்கூட தாராவிக்குள் கால் வைத்ததில்லை. நான் வைத்தேன்.

அங்கிருந்து ஈராக்குக்கு வேலைக்குப் போய் ஈரான் சண்டையில் மாட்டிக்கொண்டவர்களின் குடும்பங்களுக்காக, 1986இல், டில்லிக்கு நாற்பத்தொரு மனுக்கள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கார்பன் பிரதி எடுத்து வைத்தேன். அவர்கள் சந்துகளுக்குத் தபால் ஒழுங்காக வராது. அதனால் பதில் முகவரியாகச் செம்பூரில் உள்ள என் அறையைக் கொடுத்தேன்.

இருபத்துமூன்றாவது மனு சைனப்புடையது. தோல் பட்டறையில் பை தைப்பவள். கணவன் முகம்மது ஹனீப் பாஸ்ரா பக்கம் கட்டட வேலையில் இருந்தான். பாஸ்போர்ட்டைக் காண்டிராக்டர் பிடுங்கி வைத்துக்கொண்டான். வாரம் தவறாமல், பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

“அண்ணாச்சி, தபால் ஏதும் வந்துச்சா?”

“சர்க்கார் நம்மள மாதிரி ஆளுகளுக்குப் பதில் போடாதும்மா.”

“மாகிம் கடல்ல போட்டிருந்தா மீனாவது வாசிச்சிருக்கும்,” என்றாள் ஆறுமுகத்தாய்.

சைனப் சிரிக்கவில்லை. என் மேசையில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு நின்றாள். “பொறவு யாருக்காவ அண்ணாச்சி இம்புட்டு எழுதுதீய?”

என் இரண்டாம் அத்தியாயம் இதே கேள்வியை நாற்பது பக்கங்களில் கேட்கிறது. படிக்காதவர்கள் எதையும் மலிவாக்கிவிடுவார்கள்.

அன்று அவளுக்கான பதில் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. வந்து ஒன்பது நாளாகியிருந்தது. ஹனீபின் புகைப்படம் இரண்டும், மனைவியின் கைரேகையும் முப்பது நாளுக்குள் வந்து சேர்ந்தால் அவனை ஊருக்கு அனுப்பும் பட்டியலில் சேர்ப்பதாக ஏதோ ஒரு குமாஸ்தா எழுதியிருந்தான். ஒரு பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள்.

நான்காம் அத்தியாயத்தின் தலைப்பு ‘அரசின் மௌனம்’. ஒரு குமாஸ்தாவின் இரக்கத்தை வைத்து ஓர் அமைப்பை எடைபோட முடியாது. அது விதிவிலக்கு. விதிவிலக்கை ஒதுக்கிவைப்பதுதான் ஆய்வு முறை. முப்பத்தோராம் நாள் அத்தியாயத்தை முடித்தேன்.

அடுத்த ஜனவரியில் ஹனீப் தங்கியிருந்த கொட்டகைமேல் குண்டு விழுந்தது. அவன் செத்த செய்தி சொன்ன தந்தியும் என் முகவரிக்குத்தான் வந்தது. அதை அன்றைக்கே கொண்டுபோய் சைனப்புக்கு வாசித்துக் காட்டினேன். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு விடை இதுதான்: பதில்கள் வந்தன. மொத்தம் பதினேழு. எண் போட்டு வரிசையாக அடுக்கியிருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஆய்வேட்டின் முடிவில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். அதை ஹனீபுக்குச் சமர்ப்பித்திருக்கிறேன். அவனைப் போன்றவர்களின் குரலுக்குக் காது கொடுக்க இந்த நாட்டில் என்னை விட்டால் ஆளில்லை.